இருநூறு கிராமின் பெருமை

உலகத்திலேயே மிக நுட்பமான தராசு எந்த நாட்டில் இருக்கிறது என்று யாராவது கேட்டால், சுவிஸ், ஜேர்மனி என்று தேடிப் போகவேண்டாம். கட்டுநாயக்காவில் இருக்கிறது. எங்கள் சிவில் விமான சேவைகள் அதிகாரசபையின் கையில் இருக்கிறது. அமெரிக்கா, கனடா, ஐரோப்பா, இந்தியா என்று பெரிய தேசங்களெல்லாம் கூடிக்கூடி ஆராய்ந்து, 250 கிராமுக்குக் குறைந்த ட்ரோனால் ஆருக்கும் பெரிய ஆபத்தில்லை, அதற்கு விதியைக் கொஞ்சம் தளர்த்தலாம் என்ற முடிவுக்கு வந்தன. அதைக் கண்ட சீனத்து டிஜேஐ கம்பனி ஒவ்வொரு திருகாணியையும் நிறுத்துப் பார்த்து, 2019 இல் 249 கிராமில் ஒரு ட்ரோனைச் செய்து சந்தைக்கு விட்டது. ஒரே ஒரு கிராம் மிச்சம் வைத்த கெட்டித்தனம். அந்தக் கெட்டித்தனம் எங்கள் வாசலில் செல்லாது. இங்கே கோடு 200 கிராமில். 49 கிராம் கூடியதை வைத்து ஒரு சாமானை விமானமென்று கண்டுபிடிக்கும் கூர்மை வேறெந்த நாட்டுக்கு வாய்த்தது?

கொஞ்சக் காலம் ஜப்பானுக்கு வாய்த்தது, உண்மைதான். அங்கேயும் அப்போது 200 கிராம்தான் கோடு. அந்த நாட்டுக்கென்று அதே கம்பனி பற்றரியைச் சிறிதாக்கி 199 கிராமில் தனிப்பதிப்பே விட்டது. (2022 ஜூனில் ஜப்பான் கோட்டை 100 கிராமுக்கு இறக்கிவிட்டது, அது வேறு கதை.) இலங்கைக்கென்று ஒரு 199 கிராம் பதிப்பை எந்தக் கம்பனியும் செய்யவில்லை. ஏன் செய்யவேண்டும்? சட்டப்படி நடக்க விரும்புகிறவனுக்குக் கொஞ்சம் கஷ்டம் இருந்தால்தானே சட்டத்துக்கு மரியாதை.

ட்ரோனுக்கு எங்கள் நாட்டில் வகுத்த சாதி நான்கு. 200 கிராமுக்குக் கீழே டி. அங்கிருந்து ஒரு கிலோ வரை சி. ஒரு கிலோவிலிருந்து 25 கிலோ வரை பி. அதற்கு மேலே ஏ. டி வகைக்குப் பதிவு வேண்டாம், சுதந்திரமாக விடலாம். மல்லாவியில் காற்று அடிக்கிற நாளில் அதை விட்டால் பாண்டியன்குளத்தில்தான் போய்ப் பொறுக்கவேண்டும். ஆனாலும் சுதந்திரம் சுதந்திரம்தான்.

மாங்குளத்தில் ஏ9 வீதியை விட்டு மேற்கே திரும்பினால் வருகிற மல்லாவிதான் எங்கள் ஊர். ஏ.எல். எடுத்துவிட்டு, பல்கலைக்கழக வெட்டுப்புள்ளிக்கு ஒரு மயிரிழை கீழே நின்று, வெளிநாடு போகக் காசும் மனமும் ஒருசேர அமையாமல், ட்ரோன் ஓட்டிப் பிழைக்கலாம் என்று நினைக்கும் தம்பிமார் இப்போது இந்தப் பக்கத்தில் ஒழுங்கைக்கு ஒருவர் இருக்கிறார்கள். அப்படி ஒரு தம்பியைத்தான் இங்கே மனதில் வைத்து எழுதுகிறேன். பேர் எதற்கு, ஊரில் ஆரைக் கேட்டாலும் தங்கள் வீட்டுப் பிள்ளை என்றுதான் சொல்லுவார்கள். கனடாவிலிருந்து ஓகஸ்ற் விடுமுறைக்கு வந்த மாமா ஒரு பெட்டியைக் கொடுத்து, “இதை வைச்சு முன்னுக்கு வா” என்று தலையைத் தடவிவிட்டுப் போனார். நல்ல மனுசன். முன்னுக்கு வருகிற பாதையில் எத்தனை மேசை இருக்கிறது என்பதை அவர் சொல்லவில்லை. அவர் நாட்டை விட்டுப் போனபோது அந்த மேசைகள் இருக்கவில்லை.

அந்த மேசைகளின் அழகைச் சொல்லாமல் விட்டால் நன்றிகெட்டவனாவேன். முதலில் அதிகாரசபையில் பதிவு. ட்ரோன் வானலையில் பேசுகிற பொருள் என்பதால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் சம்மதம். மேலேயிருந்து கீழே பார்க்கிற பொருள் என்பதால் பாதுகாப்பு அமைச்சின் சம்மதம். ஆசைக்குப் பறக்காமல் காசுக்குப் பறப்பதென்றால் மூன்றாம் தரப்புக் காப்புறுதி. எல்லாம் மல்லாவியிலிருந்து ஏறக்குறைய 300 கிலோமீற்றர் தள்ளி, கொழும்பிலும் கட்டுநாயக்காவிலும். விதிமுறை ஏட்டை ஆங்கிலத்தில் வாசித்து விளங்கவேண்டும். ஆங்கிலம் கற்பிக்க வாத்தியார் இல்லாத பள்ளிக்கூடத்தில் படித்த பிள்ளைக்கு, படித்து முடித்த பிறகாவது ஆங்கிலம் படிக்க ஒரு காரணத்தை அரசு உண்டாக்கிக் கொடுத்திருக்கிறது. வேறெந்தக் கல்வித் திட்டமும் இவ்வளவு தூரம் எங்கள் பிள்ளைகளைத் தேடி வந்ததில்லை.

தம்பியும் ஒரு அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினான். அவர்கள் இன்னொரு அலுவலகத்தின் கடிதம் வந்தால் தருவோம் என்றார்கள். அந்த அலுவலகம் முதலாவது அலுவலகத்தின் கடிதம் இருக்கிறதா என்று கேட்டது. இரண்டு திணைக்களங்களுக்கிடையில் இப்படியொரு பரஸ்பர மரியாதையை நான் எங்கும் கண்டதில்லை. ஒருவரை முந்திக்கொண்டு மற்றவர் கையெழுத்து வைக்கமாட்டார்.

வன்னியில் ட்ரோனுக்கு வருகிற வேலையில் பாதி, நாள் குறித்து வருவதில்லை என்பது இன்னொரு விசயம். செத்தவீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் பாரிசிலும் லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்கிற கிழவர் ஒருவர் கண்ணை மூடினால், மறுநாள் பின்னேரம் சுடலைக்குப் போகிற ஊர்வலத்தை மேலேயிருந்து எடுத்து நேரலையில் காட்டவேண்டும். கிரியைக்கு ஐயர் உடனே வருவார், பறைமேளம் உடனே வரும், பந்தல்காரன் இரவோடு இரவாக வருவான். அனுமதி வருகிற நாளில் எட்டுச் செலவு, முப்பத்தொன்று எல்லாம் முடிந்து, சிலவேளை ஆட்டத்திவசமும் முடிந்திருக்கும். சட்டப்படி நடக்க விரும்புகிற கிழவர்கள் இறக்கும் திகதியை உரிய படிவத்தில் முன்கூட்டியே தெரிவித்தால் எல்லாருக்கும் வசதி.

மாமாவின் மகன் ஸ்காபரோவில் இருக்கிறான். அவனும் ட்ரோன் ஓட்டுகிறான். கனடாவில் 2019 ஜூன் முதலாம் திகதி வந்த விதிப்படி, அடிப்படைச் சான்றிதழுக்கு 14 வயது நிரம்பினால் போதும். வீட்டில் கதிரையில் இருந்தபடி கணினியில் 35 கேள்விக்கு விடை, 65 வீதம் எடுத்தால் சித்தி, பரீட்சைக் கட்டணம் 10 டொலர். காசுக்குப் பறப்பவன், ஆசைக்குப் பறப்பவன் என்ற பேதம் அந்தச் சட்டத்தில் இல்லை. எங்கே பறக்கிறாய், ஆருக்குக் கிட்டப் பறக்கிறாய் என்பதைத்தான் பார்க்கிறார்கள். என்ன பிரயோசனம்? அந்தப் பிள்ளைக்கு ஒரு அமைச்சின் வாசலில் அடையாள அட்டையைக் கொடுத்துவிட்டு வாங்கில் காத்திருந்த அனுபவம் உண்டா? பொறுமை என்ற நற்குணத்தை 10 டொலருக்கு விற்றுவிட்டு நிற்கிறது அந்தத் தேசம்.

பாதுகாப்பு அமைச்சுக்கு எங்கள் ஆகாயத்தில் ஏன் இவ்வளவு அக்கறை என்று கேட்கிற ஆட்களும் ஊரில் இருக்கிறார்கள். விபரம் தெரியாதவர்கள். எங்கள் ஆகாயத்தை அமைச்சு அறிந்த அளவுக்கு நாங்களே அறிந்ததில்லை. கொழும்பார் கலியாணவீட்டில் ட்ரோனைக் கண்டு வாயைப் பிளக்கும் முன்னரே, வன்னிச் சனத்துக்கு அது நன்றாகப் பழகிய சத்தம். வண்டு என்று பேரும் வைத்திருந்தோம். இஸ்ரேலில் செய்த ஆளில்லா விமானங்களை விமானப்படை இரவு பகல் பாராமல் எங்கள் தலைக்கு மேலே விட்டது. கட்டணம் கேட்கவில்லை, எங்கள் அனுமதியும் கேட்கவில்லை, காப்புறுதி பற்றிப் பேச்சே இல்லை. வண்டு சுற்றத் தொடங்கினால் அடுத்தது செல்லா கிபிர் விமானமா என்று சொல்லக்கூடிய ஐந்து வயதுப் பிள்ளைகள் எங்களிடம் இருந்தார்கள். அந்த வயதில் தொழில்நுட்ப அறிவில் அப்படி முன்னேறிய பிள்ளைகளை எந்த நாடு வளர்த்தது?

2008 செப்ரெம்பரில் மல்லாவி இராணுவத்தின் கைக்குப் போனபோது ஊரில் சனம் இல்லை. சனம் தறப்பாளையும் பாத்திரங்களையும் கட்டிக்கொண்டு கிழக்கே போய்க்கொண்டிருந்தது. வண்டும் வழித்துணைக்கு வந்தது. 2009 ஏப்ரல் 20 ஆம் திகதி புதுமாத்தளனில் மண் அணையைத் தாண்டி ஆயிரமாயிரமாகச் சனம் வெளியேறியதை மேலேயிருந்து எடுத்து அரசு உலகத்துக்குப் போட்டுக் காட்டியது. எங்கள் சனத்துக்கு எடுத்த ட்ரோன் வீடியோக்களில் இன்றுவரை அதிகம் பேர் பார்த்தது அதுவாகத்தான் இருக்கும். அல்பம் கேட்டு ஒருவரும் போகவில்லை. வைத்தியசாலைகள் எங்கே இருக்கின்றன என்பது அரசுக்கு நன்றாகத் தெரிந்திருந்தும் வன்னியின் வைத்தியசாலைகள் எல்லாம் செல் தாக்குதலுக்கு உள்ளாகின என்று, ஐ.நா. செயலாளர் நாயகம் அமைத்த நிபுணர் குழு 2011 இல் எழுதி வைத்தது. அந்தக் காலத்தில் மேலேயிருந்து பார்த்தவர்கள், இன்றைக்குத் தம்பியின் 249 கிராம் எதைப் பார்த்துவிடுமோ என்று கவலைப்படுவதில் முழு நியாயம் இருக்கிறது. மேலேயிருந்து பார்த்தால் என்னென்ன தெரியும் என்பது அவர்களுக்குத்தானே தெரியும்.

அரசின் முன்யோசனைக்கு இன்னொரு உதாரணமும் உண்டு. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு அன்று தேவாலயங்களிலும் விடுதிகளிலும் குண்டுகள் வெடித்தன. குண்டுகளை முதுகுப் பையில் சுமந்து கொண்டுபோனார்கள். வெளிநாட்டு உளவுத்துறையின் எச்சரிக்கை கடிதமாக முன்கூட்டியே வந்து ஒரு கோப்புக்குள் படுத்திருந்தது. நான்காம் நாள், 25 ஆம் திகதி, அதிகாரசபை நாடு முழுவதும் ட்ரோன் பறப்பதைத் தடைசெய்தது. கடிதம் வாசிக்காததற்குத் தடையில்லை, பைக்குத் தடையில்லை, அந்தத் தாக்குதலில் எந்தப் பங்கும் எடுக்காத ட்ரோனுக்குத் தடை. குற்றம் செய்யாதவனை முதலில் பிடித்துவைத்தால் அவன் பிறகும் செய்யமாட்டான் என்ற தத்துவத்தை எங்கள் நாடு எந்தக் காலத்திலும் கைவிட்டதில்லை. எங்கள் பக்கத்து இளைஞர்களுக்கு அது நன்றாகத் தெரியும்.

அரசை மட்டும் புகழ்ந்துகொண்டிருந்தால் ஊரவர் கோவிப்பார்கள். எங்கள் வாடிக்கையாளரின் தாராளத்தையும் சொல்லவேண்டும். சாமத்தியவீடு, கலியாணவீடு, பள்ளிக்கூடத்து இல்ல விளையாட்டுப் போட்டி, கோயில் தேர், கும்பாபிஷேகம், வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கல். ட்ரோனுக்கு வேலை இல்லை என்று ஒருவரும் சொல்லமுடியாது. வேலை நிறைய இருக்கிறது. கூலிதான் இல்லை.

“தம்பி, போட்டோவுக்கும் வீடியோவுக்கும் பேசின காசு தாறம். ட்ரோன் உங்களிட்ட இருக்கிறதுதானே. அதைச் சும்மா ஒருக்கா ஏத்தி இறக்குங்கோ.”

சும்மா ஏற்றி இறக்குவதற்குத்தான் தம்பி பற்றரி வாங்கினான். அந்தப் பற்றரிக்கும் எண்ணி வைத்த ஆயுள் உண்டு. விசிறி முறிந்தால் புதிது கொழும்பிலிருந்து வரவேண்டும். பந்தலுக்கு மேலே மின்கம்பி, அதற்கு மேலே பனை வடலி, அதற்கு மேலே தன்னுடைய ஆகாயத்துக்குள் அந்நியன் வந்துவிட்டான் என்று கொத்த வருகிற பருந்து. இவ்வளவையும் தாண்டி அவன் எடுத்துக் கொடுத்த மூன்று நிமிடப் படத்தைப் பார்த்து, “அவன்ர வீட்டுச் சாமத்தியத்தில இதைவிட உயரமாய்ப் போனது” என்று சொல்லுகிற பெருந்தன்மை எங்கள் சனத்தைத் தவிர ஆருக்கு வரும்? உயரமாய்ப் போனால் சட்டம், தாழப் பறந்தால் சம்பந்தி. இரண்டுக்கும் நடுவில் ஒரு ஆகாயம் இருக்கிறது, அதில்தான் தம்பி சீவிக்கவேண்டும்.

அந்த அவன் ஆர் என்று கேட்பீர்கள். அவன்தான் பதியாதவன். எங்கள் சட்டத்தின் மிகப் பெரிய சாதனை அவன்தான். பதிந்தவனின் பேர், விலாசம், அடையாள அட்டை இலக்கம், ட்ரோனின் தொடர் இலக்கம் எல்லாம் அரசிடம் இருக்கிறது. எங்கேயாவது ஒரு ட்ரோன் காம்புக்கு மேலே பறந்ததாக ஒரு கதை வந்தால் முதலில் விசாரிக்கக்கூடிய ஆள் அவன் ஒருவன்தான். பதியாதவனை ஆருக்கும் தெரியாது. ஆகவே அவனிடம் ஒருவரும் கேட்பதில்லை. அவனுக்குக் காப்புறுதிச் செலவில்லை, கொழும்புக்குப் போன பஸ் காசில்லை, லொட்ஜ் காசில்லை. ஆகவே அவன் பாதி விலைக்குச் செய்கிறான். ஆகவே வேலையெல்லாம் அவனுக்கே போகிறது. சட்டத்தை மீறுகிறவனுக்கு இப்படி மானியம் கொடுத்து வளர்க்கும் சட்டத்தை வேறெங்காவது கண்டிருக்கிறீர்களா? திறப்புவிழாக்களில் முன்வரிசையில் மாலையோடு இருக்கிற பெரியவர்களும், தலைக்கு மேலே அவனுடைய ட்ரோன் வந்து நின்றால் நிமிர்ந்து பார்த்துச் சிரித்துக் கையசைப்பார்கள். இலக்கம் ஒட்டியிருக்கிறதா என்று அண்ணாந்து தேடிய ஒருவரையும் நான் காணவில்லை.

பயிற்சி கொடுக்கிறவர்களின் தியாகமும் உண்டு. ஒரு நாள் பயிலரங்கு, மத்தியானம் சோற்றுப் பார்சல், பின்னேரம் சான்றிதழோடு ஒரு கூட்டுப் படம். காலையில் வந்தவன் பின்னேரம் விமானி. அந்தச் சான்றிதழை எந்த அலுவலகம் ஏற்கும் என்று கேட்பது சபை நாகரிகம் அல்ல.

கலியாணவீட்டை விட்டால் மேலேயிருந்து பார்க்கவேண்டிய வேறு வேலைகளும் இந்த மாவட்டத்தில் இருக்கின்றன. வன இலாகாவின் எல்லைக்கல் முதல்நாள் எங்கே இருந்தது, இன்றைக்கு எங்கே இருக்கிறது. ஆற்றுப் படுகையில் இரவில் உழவு இயந்திரங்கள் எத்தனை இறங்கின. முதிரையும் பாலையும் நின்ற காடு எங்கே போனது. இவற்றை ஒரு ட்ரோன் அரைமணித்தியாலத்தில் படமெடுத்துத் தரும். அப்படி ஒரு வேலைக்குத் தம்பியைக் கூப்பிட ஒருவரும் துணியாததற்குக் காரணம் அவன் மேலுள்ள பாசம்தான். 2020 ஒக்ரோபரில் முல்லைத்தீவு முறிப்புப் பகுதியில் மரக்கடத்தலைப் படமெடுக்கப் போன இரண்டு ஊடகவியலாளர்களை அடித்துப் பல்லை உடைத்து அனுப்பினார்கள். தரையில் நின்று படமெடுத்ததற்கே அந்த உபசாரம். மேலேயிருந்து எடுத்தால் எவ்வளவு மரியாதை கிடைக்கும் என்று யோசித்துப் பார்க்கிற தாய் தகப்பன், மகனைச் சாமத்தியவீட்டோடு நிற்கச் சொல்லுகிறார்கள்.

உண்மையில் மல்லாவியில் ட்ரோனுக்கு உள்ள வேலை வயலில்தான் இருக்கிறது. பாலியாற்றை மறித்துக் கட்டிய வவுனிக்குளத்தின் கீழ் ஆயிரக்கணக்கான ஏக்கரில் பெரும்போகம் விதைக்கிறார்கள், தண்ணீர் கண்டால் சிறுபோகமும் செய்கிறார்கள். அறக்கொட்டியான் இறங்கினால் ஒரு கிழமைக்குள் வயல் எரிந்தது மாதிரி வட்டம் வட்டமாகக் காய்ந்துவிடும். அந்த நேரத்தில் மருந்தடிக்க ஆள் கிடையாது. பெடியள் பாதிப்பேர் வெளிநாட்டில், மற்றப் பாதிப்பேர் கார்மன்ற்ஸிலும் கொழும்புக் கடைகளிலும். மிஞ்சியவர் 16 லீற்றர் தாங்கியை முதுகில் கட்டிக்கொண்டு, முழங்காலளவு சேற்றில், எதிர்க்காற்றில், முகத்தில் ஒரு பழைய சாரத் துண்டைக் கட்டியபடி வரம்புக்கு வரம்பு நடந்து அடிக்கிறார். மருந்தில் பாதி பயிரில், மிச்சம் அவரில். சிறுநீரக நோய் ஏன் வருகிறது என்று ஆராய்ச்சி செய்ய வருகிறவர்கள் கிணற்றுத் தண்ணீரைப் போத்தலில் நிரப்பிக்கொண்டு போகிறார்கள், நல்ல விசயம்தான்.

விவசாய ட்ரோன் 10 லீற்றர், 20 லீற்றர், 30 லீற்றர், 40 லீற்றர் தாங்கிகளோடு சந்தையில் இருக்கிறது. சிறியதே ஒரு ஏக்கரைச் சில நிமிடத்தில் முடித்துவிடும். அடிக்கிறவர் வரம்பில் நிற்கலாம், சேற்றில் கால் வைக்கவேண்டாம், மருந்துப் புகையில் மூச்சு விடவேண்டாம். எட்டுப் பத்து நிமிடத்துக்கு ஒருக்கால் பற்றரி மாற்றவேண்டும், ஆகவே வயற்கரையில் ஜெனரேற்றர் வேண்டும். காற்றடித்தால் பக்கத்து வயலுக்கும் மருந்து போகும், ஆகவே ஓட்டுகிறவனுக்குக் கையும் வேண்டும், புத்தியும் வேண்டும். இது படிக்கவேண்டிய தொழில். படித்தால் நாலு ஊருக்கு உதவுகிற தொழில். இதில் 10 லீற்றர் தாங்கிக்காரன் நிறைதாங்கியோடும் 25 கிலோவுக்கு மட்டுமட்டாக உள்ளே நிற்பான், அவன் பி. 30 லீற்றர்காரன் 60 கிலோவைத் தாண்டி ஏ வகைக்குப் போய்விடுவான். 249 கிராமுக்கே மூன்று வாசல் ஏறி இறங்கிய தம்பி, 60 கிலோவுக்கு எத்தனை வாசல் ஏறவேண்டும் என்று விகிதசமக் கணக்குப் போட்டுப் பார்த்தான். ஓ.எல். கணிதத்தில் அவனுக்கு ஏ சித்தி. கணக்குச் சரியாக வந்தது, தொழில்தான் வரவில்லை.

விலையும் உண்டு. 2022 இல் ஒரு டொலர் 200 ரூபாயிலிருந்து சில மாதங்களில் 360 ஐத் தொட்டது. ட்ரோன் அதே ட்ரோன், கடன் மட்டும் வளர்ந்தது. அதற்கு முதல் வருசம், 2021 மே மாதம், இரசாயன உரத்தையும் கிருமிநாசினியையும் ஒரே வர்த்தமானியில் நிறுத்தி, தெளிக்கிற பொருளையே இல்லாமல் செய்து, தெளிக்கிற கருவி பற்றிய கவலையை அரசு அடியோடு தீர்த்து வைத்திருந்தது. ஒக்ரோபரில் இந்தியாவிலிருந்து நனோ நைதரசன் திரவ உரம் விமானத்தில் வந்திறங்கியது. இலையில் தெளிக்கவேண்டிய உரம். முதுகுத் தாங்கிகள் மறுபடி வெளியே வந்தன. நவம்பரில் தடையும் எடுபட்டது. ஏழு மாதத்துக்குள் விவசாயிக்கு இத்தனை விதமான அனுபவம் கொடுத்த ஆட்சியை வரலாறு மறக்காது. நெல்லும் மறக்கவில்லை, அந்தப் பெரும்போகத்தில் விளைய மறந்தது.

பாக்குநீரிணைக்கு அந்தப் பக்கம் பாருங்கள். 15,000 மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்கு ட்ரோன் கொடுப்பதென்று இந்திய அரசு 2023 நவம்பரில் ஒரு திட்டத்தை ஏற்றுக்கொண்டது. விலையில் 80 வீதம், எட்டு இலட்சம் இந்திய ரூபாய் வரை மானியம், பயிற்சியும் உண்டு. பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்கள் இவ்வளவு உள்ள வன்னியில் அப்படி ஒரு திட்டம் வந்திருந்தால் எங்கள் அக்காமார் எவ்வளவு சிரமப்பட்டிருப்பார்கள்! இப்போது அவர்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. வழக்கம்போலக் கோழிக்குஞ்சும் தையல் இயந்திரமும் கிடைக்கிறது.

ஒருநாள் எங்களுக்கும் வரத்தான் போகிறது, ஒரு திட்டத்தில் ஒரு ட்ரோன். அந்த நாளை நான் இப்போதே காண்கிறேன். பதாகையில் ஐந்து பேருடைய படம் இருக்கும், ட்ரோன் படம் ஒரு மூலையில். குத்துவிளக்கு ஏற்றி, பொன்னாடை போர்த்தி, நாடா வெட்டி, ஒருதரம் மேலே விட்டு, எல்லாரும் கைதட்டி, சிற்றுண்டியோடு முடியும். பிறகு அது அலுமாரிக்குள் போகும். திறப்பு ஒரு ஐயாவின் சட்டைப் பையில் இருக்கும், அந்த ஐயா இடமாற்றத்தில் போய்விடுவார். தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலில் ஆயுதங்கள் நெய் பூசி மாலை சூட்டிப் பளபளவென்று இருப்பதைப் புகழ்ந்த ஔவை மல்லாவிக்கு வந்தால், அந்த அலுமாரியைத் திறந்து காட்டலாம். திறப்பு கிடைத்தால்.

இனி தொடங்கப் போகிறவர்களுக்கு இரண்டு சொல். பதிவைச் செய்யுங்கள், பதிந்த இலக்கத்தை ட்ரோனில் ஒட்டுங்கள். தனியே ஓடித் திரியாமல் பத்துப் பேராகச் சேர்ந்து ஒரு கடிதத்தை மாவட்டச் செயலகத்துக்குக் கொடுத்து, அனுமதி மேசை ஒன்றை வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ போடச் சொல்லிக் கேளுங்கள். கமக்கார அமைப்புகளோடு பேசுங்கள், ஒரு ஊருக்கு ஒரு மருந்தடி ட்ரோன் போதும், ஏக்கர் கணக்கில் கூலி பேசலாம். சாமத்தியவீட்டுக்குச் சும்மா ஏற்றி இறக்காதீர்கள். இதைச் சொன்னதற்காக என்னையும் புகழ்வார்கள், பரவாயில்லை.

தம்பி இப்போது சும்மா இருக்கவில்லை. ட்ரோன் பெட்டிக்குள், கடிதங்கள் கோப்புக்குள், அவன் வயலுக்குள். வருகிற பெரும்போகத்துக்கு மருந்தடிக்க ஆள் தேடுகிறவர்கள் இப்போதே அவனிடம் சொல்லி வையுங்கள். 16 லீற்றர் தாங்கி சொந்தமாக வைத்திருக்கிறான். அதை முதுகில் கட்டிச் சேற்றில் இறங்க எந்த அமைச்சின் அனுமதியும் வேண்டாம்.